பொழுது சாயும் நேரத்தில் ஒரு பிரசவம்

“பெரியம்மா, நாலு நிமிசத்துக்காக நேற்று என்னை நாலு பேர் மாறி மாறிக் கேள்வி கேட்டினம்.”

தங்கச்சியின் மகள் லண்டனில் மிட்வைஃப். போன மார்கழியில் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டாள். அங்கே விடிந்தும் விடியாத நேரம். இங்கே திருகோணமலையில், உட்துறைமுக வீதிப் பக்கம் மழை விட்டு, மத்தியான வெயில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் விளைமீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். கை முழுக்க மீன். போனைச் சோற்றுப்பானையோடு சாய்த்து வைத்துவிட்டு, “ஆறுதலாச் சொல்லு பிள்ளை” என்றேன்.

முதல் நாள் பின்னேரம் ஒரு யூதத் தாய்க்கு ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது. மூன்றாவது பிள்ளை, சுகப்பிரசவம். இவள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து நேரம் எழுதியிருக்கிறாள். பக்கத்தில் நின்றவளின் கைக்கடிகாரம் அதைவிட நாலு நிமிடம் கூடக் காட்டியிருக்கிறது. முதலில் தகப்பன் கேட்டார், எது சரி என்று. பிறகு அம்மம்மாக்காரி. பிறகு பிரசவத்துக்குத் துணைக்கு வந்திருந்த பெண். கடைசியில் பிள்ளை பெற்றவளே கேட்டாளாம். “பிள்ளை சுகமாப் பிறந்திருக்கு, அதைப் பாருங்கோவன் எண்டு வாய்வரைக்கும் வந்திட்டுது பெரியம்மா.”

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. முப்பத்தொரு வருடம் இந்த வேலை செய்தேன். முதல் ஆறு வருடம் லேபர் ரூமில், மிச்சமெல்லாம் களத்தில். லேபர் ரூம் கதவு திறந்தவுடன் மாமியார்மார் கேட்கும் முதல் கேள்வி ஆணா பெண்ணா. இரண்டாவது, எத்தனை மணி எத்தனை நிமிடம். கொஞ்சம் விபரம் தெரிந்த மாமியார் என்றால், “தலை தெரிஞ்ச நேரமோ, முழுப்பிள்ளையும் வந்த நேரமோ மிஸ்?” என்று மூன்றாவதாக ஒன்று வரும். லக்கினம் மாறுகிற நேரத்தில் பிறந்த பிள்ளை என்றால் சாதகம் எழுதுகிறவர் ஆளையே அனுப்பி விசாரிப்பார். அப்படி ஒருவர் என்னைத் தேடிப் பத்திரகாளி அம்மன் கோயில் வாசல்வரை வந்திருக்கிறார்.

யூதர்களுக்கு அது சாதகத்துக்காக இல்லை. ஆண்பிள்ளைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம், அதாவது சுன்னத்து, செய்து பெயர் வைக்கவேண்டும். பிறந்த நாளும் சேர்த்து எட்டு. ஆனால் அவர்களுக்கு நாள் பிறப்பது பொழுது சாய்ந்ததும். எங்கள் பஞ்சாங்கத்தில் சூரியன் உதித்தால் நாள். அவர்களுக்கு சூரியன் மறைந்தால் அடுத்த நாள். மறைந்ததற்கும் மூன்று நட்சத்திரம் கண்ணுக்குத் தெரிவதற்கும் இடையில் ஒரு நேரம் இருக்கிறதே, செக்கல் பொழுது, அது இந்த நாளா அடுத்த நாளா என்று சொல்ல முடியாது. வெள்ளி பொழுது மறையுமுன் பிறந்தால் விருத்தசேதனம் அடுத்த வெள்ளி. நட்சத்திரம் தெரிந்த பிறகு பிறந்தால் அடுத்த சனி. சனி அவர்களுக்கு ஓய்வுநாள், ஆனாலும் செய்வார்கள். செக்கலில் பிறந்தால்? வெள்ளியில் செய்தால் எட்டு நாள் ஆகாமல் போகலாம். சனியில் செய்வதென்றால் அது எட்டாம் நாள்தான் என்ற நிச்சயம் வேண்டும், அது இல்லை. ஆகவே ஞாயிறு. லண்டனில் மார்கழி மாதம் நாலு மணிக்கு முன்னமே சூரியன் போய்விடும். இவள் எழுதிய நேரம் சரி என்றால் வெள்ளி, மற்றவளின் கைக்கடிகாரம் சரி என்றால் ஞாயிறு.

“தலை வெளிய வந்த நேரத்தைக் கேட்டவையோ?” என்றேன்.

“ஓம், அதையும் கேட்டினம்! உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

தெரியாது, ஊகித்தேன். எந்த ஊரிலும் இதைக் கணக்குப் பார்க்கிறவர்கள் இருந்தால் அங்கேதான் போய் நிற்பார்கள். அடுத்த முறை பிரசவத்துக்கு முன்னமே சுவர் மணிக்கூட்டைப் போனோடு சரிபார்த்து வை என்று சொன்னேன். அவ்வளவுதான் அவர்கள் இவளிடம் எதிர்பார்த்தது.

நாள் எப்போது தொடங்குகிறது என்பது எனக்கு ஒருமுறை பாடமாகவே வந்தது. அது கிண்ணியாப் பக்கம் நான் வேலை செய்த காலம். 2009இல் பாலம் திறக்கும்வரை பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் அக்கரைக்குப் போகவேண்டும். ஒரு சனிக்கிழமை காலை ஒரு முஸ்லிம் வீட்டில் கூப்பிட்டார்கள். தலைப்பிள்ளைக்காரி, வலி பெரிதாக இல்லை. பன்னீர்க்குடம் எப்போது உடைந்தது என்று கேட்டேன். “வெள்ளி ராவு மிஸ்” என்றார் அவளுடைய மூத்தம்மா. சரி, நேற்று இரவு, பன்னிரண்டு மணித்தியாலம் இருக்கும் என்று எழுதிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அந்த வீட்டில் வெள்ளி ராவு என்றால் வியாழன் பொழுது சாய்ந்து வரும் இரவு. பொழுதுபட்டதும் வரும் மஃரிப் தொழுகையோடு அவர்களுக்கு வெள்ளி தொடங்கிவிடும். நான் பன்னிரண்டு என்று எழுதியது உண்மையில் முப்பத்தாறு. தண்ணீர் உடைந்து அவ்வளவு நேரம் ஆனால் கிருமி தொற்றும் ஆபத்து என்று படித்துப் படித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் காய்ச்சலைப் பார்த்துவிட்டு யாரோ திரும்பக் கேட்டதால் பிழைத்தோம். தாயும் பிள்ளையும் சுகம். எனக்குத்தான் அன்றிரவு சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு “வெள்ளி ராவு” என்று யார் சொன்னாலும், “ஜும்ஆவுக்கு முந்தின ராவா, பிந்தின ராவா?” என்று கேட்காமல் பேனை எடுத்ததில்லை.

இதைச் சொன்னதும் தங்கச்சி மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தன்னுடைய கதை ஒன்றைச் சொன்னாள். அது அவள் ஸ்டம்போர்ட் ஹில் பக்கத்துக்கு மாறிப் போன புதிது. அதற்கு முன் அவள் வேலை செய்த இடத்தில் தமிழரும் குஜராத்திகளும்தான் அதிகம். இங்கே கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக மிகவும் ஆசாரமான யூதக் குடும்பங்கள். வீட்டில் இத்திஷ் பேசுகிறவர்கள்.

ஒரு பெண்ணுக்கு வலி முற்றிவிட்டது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தவிக்கிறாள். புருஷன் அறையின் மூலையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கையில் ஒரு சின்னப் புத்தகத்தோடு முணுமுணுத்துக்கொண்டு நிற்கிறார். ஒருமுறைகூட வந்து கையைப் பிடிக்கவில்லை. இவளுக்கு ஆத்திரம். பிள்ளை பிறந்து துடைத்து நெஞ்சில் வைத்துக் கொஞ்ச நேரம் போனபிறகு, “அப்பாட்டைக் குடுங்கோ” என்று தாயிடம் சொல்லியிருக்கிறாள். தாய் பிள்ளையைத் தூக்கினாள், நீட்டவில்லை. தகப்பன் இரண்டு அடி வந்தார், கையை நீட்டவில்லை. இருவருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. அதற்குள் யாரும் கை போடவில்லை. பிறகு தாய் மெதுவாகப் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்திக் கையை எடுத்தாள். அவள் கை முழுவதும் விலகிய பிறகு தகப்பன் குனிந்து தூக்கினார். தூக்கியதும் அழுதாராம், தோள் குலுங்க.

இரத்தம் கண்டதிலிருந்து, அல்லது வலி முற்றிய பிறகு, புருஷனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் தொடுவதில்லை. ஒரு பொருளைக்கூடக் கையோடு கை கொடுப்பதில்லை. எந்தக் கட்டத்தில் இது தொடங்குகிறது என்பதில் குடும்பத்துக்குக் குடும்பம் வித்தியாசம் உண்டாம். பிறப்பதை அவர் பார்ப்பதும் இல்லை. முணுமுணுத்தது வேதத்தில் உள்ள சங்கீதப் பிரார்த்தனை. அந்த மனுசன் செய்யக்கூடிய ஒரே வேலை அதுதான், அதை விடாமல் செய்திருக்கிறார்.

“நான் மனசுக்குள்ள அவரைக் கல்நெஞ்சன் எண்டு திட்டிக்கொண்டு நிண்டனான் பெரியம்மா.”

இப்போது அவள் அந்த ஒரு முழ இடைவெளியில் தானே நிற்கிறாளாம். தாயிடம் வாங்கித் தகப்பனிடம் கொடுப்பாள். இடுப்பை அமத்த, முதுகைத் தடவ, நெற்றியை ஒற்ற இன்னொரு பெண்ணை வைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒருத்தி வராவிட்டால் அந்த வேலையும் மிட்வைஃபுக்குத்தான். அங்கே மிட்வைஃப் ஒருத்தி அறையை விட்டு வெளியே போய்ப் போய் வந்தால், அந்தப் பெண்ணைத் தொட ஒருவரும் இல்லை என்று அர்த்தம்.

எங்கள் ஊரில் ‘துடக்கு’, அதாவது தீட்டு, என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த எனக்கு இது புதுமையாகப் படவில்லை. பிள்ளை பிறந்தால் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிப்பு. ஐயரைக் கூப்பிட்டுப் புண்ணியதானம், வீடு கழுவி, அதற்குப் பிறகுதான் கோயில். அவர்களுக்கும் முப்பத்தோராம் நாளில் ஒரு சடங்கு இருக்கிறதாம். முதல் பிள்ளை ஆணாக, சுகப்பிரசவத்தில் பிறந்தால், குருவம்சத்தவர் ஒருவருக்கு ஐந்து வெள்ளிக்காசு கொடுத்துப் பிள்ளையை மீட்கவேண்டும். சிசேரியன் பிள்ளைக்கு அது இல்லை. காரணம் வேறு, கணக்கு மட்டும் ஒன்று. இதை வைத்துக்கொண்டு இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தது என்று வட்ஸ்அப்பில் யாராவது கட்டுரை எழுதினால் நான் பொறுப்பில்லை.

அப்புறம் ஓய்வுநாள். வெள்ளி பொழுது சாய்வதிலிருந்து சனி இரவு வரை நெருப்பு மூட்டமாட்டார்கள், மின்விசையைத் தொடமாட்டார்கள், எழுதமாட்டார்கள், கார் ஏறமாட்டார்கள், போன் எடுக்கமாட்டார்கள். படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் வாங்கமுடியாது. சனிக்கிழமை வீட்டுக்குப் பார்க்கப் போனால் மணியை அழுத்தாமல் கதவில் தட்டவேண்டும். அந்த வெள்ளிக்கிழமைத் தகப்பன் மற்றப் பிள்ளைகளைப் பார்க்க மழைக்குள் நடந்தே வீட்டுக்குப் போனாராம். குடையும் இல்லை. குடை விரிப்பது கூடாரம் போடுவது போல, அதுவும் அன்றைக்குக் கூடாது.

ஆனால் உயிர் என்று வந்தால் இதெல்லாம் நிற்காது. அது அவர்களுடைய சட்டத்திலேயே இருக்கிறது. தங்கச்சி மகளோடு வேலை செய்யும் ஒரு யூத மிட்வைஃப் சொன்னதை அவள் எனக்குச் சொன்னாள். நான் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். கி.பி. 200 அளவில் தொகுத்த மிஷ்னா என்ற அவர்களுடைய சட்டநூலில், பிள்ளைப்பேற்றுக்காக ஓய்வுநாளை மீறலாம், மருத்துவிச்சியை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கூட்டிவரலாம், தொப்புள்கொடியைக் கட்டலாம் என்று இருக்கிறதாம். பாதையில் ஏறி அக்கரைக்குப் போன எனக்கு இதைக் கேட்க எவ்வளவு சந்தோசம் என்று சொல்லத் தெரியவில்லை.

அதைவிட மனதில் நின்றது இன்னொன்று. பிள்ளை பெறுகிறவளுக்காக ஓய்வுநாளில் விளக்கு ஏற்றலாம் என்று மிஷ்னாவை விளக்கும் தல்மூத்தில் ஒரு பேச்சு. அவள் கண் தெரியாதவளாக இருந்தாலும் ஏற்றலாமாம். கண் தெரியாதவளுக்கு வெளிச்சம் எதற்கு? எனக்கு ஏதும் என்றால் பக்கத்தில் நிற்பவள் பார்த்துச் செய்வாள் என்று அவள் மனம் ஆறும், அதற்கு. நான் களத்துக்கு வந்த தொடக்கத்தில் ஒரு பெரிய மிஸ், “வலிக்காரியின்ர மனசை ஆற்றுறதும் மருந்துதான்” என்பார். அவர் தம்பலகாமத்துக்காரி, சைவம், தல்மூத்தைக் கேள்விப்பட்டிருக்க வழியில்லை.

அந்த யூத மிட்வைஃப் கூறிய இன்னொரு விஷயம், வேலை தெரிந்தவர்களுக்காக. பிரசவித்த முதல் மூன்று நாள், தனக்கு ஒன்றும் தேவையில்லை என்று தாயே சொன்னாலும் அவளுக்காக ஓய்வுநாளை மீறலாம். மூன்றிலிருந்து ஏழுவரை, தேவை என்று அவள் சொன்னால் மீறலாம். ஏழுக்குப் பிறகு முப்பதுவரை, உயிராபத்து இல்லாத நோயாளி போல. வேண்டியதை யூதரல்லாத ஒருவர் செய்துகொடுக்கலாம். இவ்வளவு தெளிவாக நாள் பிரித்து வைத்திருக்கிறவர்கள் எங்களிடம் எதிர்பார்ப்பதும் தெளிவைத்தான். வெள்ளி இரவு ஒரு பெண் ஆள் அனுப்பி, பிள்ளை அசைவது குறைவாக இருக்கிறது, வரவா என்று கேட்கிறாள். “விரும்பினா வந்து பாருங்கோ” என்று சொன்னால் அவள் எங்கே போவாள்? விருப்பத்துக்குக் கார் ஏற முடியாது. “இது ஆபத்தா இருக்கலாம், உடனே வாங்கோ” என்றால் அடுத்த நிமிடம் காரில் இருப்பாள், அவளுடைய மதகுரு ரபியும் அதைத்தான் சொல்லுவார். நாங்கள் மரியாதைக்காக மென்று விழுங்கிப் பேசுகிற பேச்சு அங்கே ஒரு பிள்ளையின் உயிரோடு விளையாட்டு.

இதில் எனக்கும் குற்ற உணர்ச்சி உண்டு. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் இளநீரோடு இருக்கப்போகிறேன் என்று கிளினிக்கில் சொன்ன ஆறுமாதக்காரியிடம், “கவனமா இருங்கோ அம்மா” என்று சொல்லி அனுப்பியவள் நான். அவள் மூன்றாம் நாள் கோயிலில் மயங்கி விழுந்தாள். பிறகு வந்தவர்களுக்கு நேராகவே சொன்னேன்: இந்த வருசம் உங்களுக்கு விரதம் கூடாது, முருகனுக்குத் தெரியும். ஒருத்தியும் கோபிக்கவில்லை.

ஆபத்து இல்லை என்றால் திரும்பவும் சட்டம்தான். சுகப்பிரசவம் என்றால் ஆறு மணித்தியாலத்தில் வீட்டுக்கு அனுப்புகிற ஊர் அது. வெள்ளி பின்னேரம் பெற்றவள் சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை கார் ஏறமாட்டாள். கட்டில் இல்லை என்று வாட்டில் ஒருத்தி முணுமுணுக்க, தங்கச்சி மகள்தான் நின்று பேசியிருக்கிறாள். வெள்ளி மத்தியானமே கேட்டு எழுதிவைத்திருந்தால் அந்தப் பேச்சே வந்திராது.

சாப்பாட்டிலும் ஒரு சறுக்கல். அவர்களுடைய உணவுவிதிப்படி செய்த கோஷர் சாப்பாடு இரட்டை உறையில் முத்திரையோடு வரும். அப்படியே சூடாக்கி, அவள் கையால் பிரிக்கவேண்டும். வாட்டில் ஓர் அன்பான ஆள், பாவம் களைத்துப் போய் இருக்கிறாள் என்று, தானே உறையைப் பிரித்து மைக்ரோவேவில் வைத்துக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார். பிள்ளை பெற்ற பசியோடு அவள் அதைப் பார்த்தபடி பிஸ்கட் தின்றிருக்கிறாள். எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை இஸ்ரேலில் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலைக்குப் போய் வந்தவள். பால் சட்டி வேறு, இறைச்சிச் சட்டி வேறு என்று அவள் சொன்னபோது என் தாயார் கொஞ்சமும் அதிசயப்படவில்லை. விரதச் சட்டியில் மீன் கரண்டி பட்டால் எங்கள் வீட்டிலும் அந்தச் சட்டி அதோடு சரி.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பிரசவத்துக்கு முன் தங்கச்சி மகள் ஒரு வீட்டுக்குப் போனபோது தொட்டில் இல்லை, பிள்ளைச்சட்டை இல்லை, ஒன்றுமே இல்லை. எட்டரை மாதம். ஆயத்தம் இல்லை என்று எழுதவா என்று பேனையைத் திறந்துவிட்டாள். அங்கே பலர் பிள்ளை பிறக்குமுன் எதையும் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. கடையில் சொல்லிவைத்திருப்பார்கள், பிறந்த அன்றே வந்து சேரும். பிள்ளைத்தாய்ச்சியிடம் வாழ்த்துக்கூட முன்கூட்டிச் சொல்வதில்லை. ‘பெஷாஆ தோவா’ என்பார்களாம். நல்ல நேரத்தில் நடக்கட்டும் என்று பொருள்.

“நீ பிறக்க முந்தி உன்ர அம்மா உனக்கு என்ன வாங்கி வைச்சவ, தெரியுமோ?” என்று கேட்டேன். “என்ர பழைய சேலை ரெண்டு. கிழிச்சுத் தோய்ச்சு வைச்சது. அவ்வளவுதான்.”

எல்லா யூதரும் இப்படி இல்லை என்று அவள் இரண்டு முறை சொன்னாள், நானும் சொல்லிவிடுகிறேன். பெண்சாதியின் கையைக் கடைசிவரை பிடித்திருந்த தகப்பனும் உண்டு, சனிக்கிழமை போனில் படம் எடுத்த அம்மம்மாவும் உண்டு. தலைமயிரை மறைக்கிறவள், மறைக்காதவள். கிண்ணியாவில் நாலு வீட்டுக்கு நாலு விதம் பார்த்த எனக்கு அதுவும் விளங்கியது. ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகும்போது தலைத்துணியைக் கழற்றச் சொல்லாமல் ஒரு தியேட்டர் தொப்பியைக் கொடுத்துவிடு, எந்த மதக்காரி என்றாலும் பொருந்தும் என்றேன். “அது நான் எப்பவோ செய்யிறன் பெரியம்மா” என்றாள் கொஞ்சம் ரோசத்தோடு. சரி, என்னிடம்தானே வளர்ந்தவள்.

மீன் வெட்டி முடிந்திருந்தது. அந்தப் பிள்ளைக்கு எந்த நாள் என்று முடிவெடுத்தார்கள் என்று கேட்டேன். ரபியிடம் கேட்கவே சனி இரவு ஆகவேண்டும், போன் எடுக்கமாட்டார் என்றாள்.

திங்கட்கிழமை ஒரு படம் அனுப்பினாள். வெள்ளைக் காகிதப் பையில் அவித்த கடலை, மேலே தூளாக மிளகு. ஆண்பிள்ளை பிறந்தால் வெள்ளி இரவு வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கடலை கொடுப்பது அவர்களுடைய வழக்கமாம். மிஞ்சியதில் இவளுக்கும் ஒரு பங்கு வந்திருக்கிறது. கீழே எழுதியிருந்தாள்: “பத்திரகாளி கோயில் கடலை மாதிரியே இருக்கு. விருத்தசேதனம் ஞாயிறுதானாம்.”

தேங்காய்ச் சொட்டுப் போடவில்லையா என்று கேட்டு எழுதினேன். இல்லையாம். உப்பும் மிளகும் மட்டும்தானாம்.